கீகேட் 9: முதல் பிசிபி வரைபவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பிரெட்போர்டில் ஒழுங்காக ஓடும் சர்க்யூட்டை பிசிபியாக, அதாவது செம்புக் கோடுகள் அச்சிட்ட பலகையாக, மாற்ற உட்காரும்போதுதான் சந்தேகங்கள் வரிசை கட்டும். டிராக் (செம்புக் கோடு) எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், ரெகுலேட்டரின் முதுகுத் தகடு எதோடு சேரும், 230 வோல்ட் கோட்டுக்கும் 5 வோல்ட் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும்? விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இல்லையென்றால் போர்டு அச்சாகி வந்த பிறகுதான் தவறு கண்ணில் படும். கீகேட் (KiCad) என்ற, பிசிபி வரையும் இலவச மென்பொருள் இவற்றில் எதைத் தானே பிடித்துச் சொல்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதை ஒரே ஒரு போர்டை வைத்துப் பார்க்கலாம்.

போர்டு இதுதான்: மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் நிறுத்தும் கருவி. வைஃபை வசதியுள்ள மைக்ரோகன்ட்ரோலரான ஈஎஸ்பி32-ரூம்-32 மாட்யூல், அதற்கு 3.3 வோல்ட் தர ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டர், ஒரு 5 வோல்ட் எஸ்ஆர்டி வகை ரிலே (கடைகளில் கிடைக்கும் நீலப் பெட்டி), அதை ஓட்ட ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர், ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, நீர்மட்டம் காட்ட இரண்டு ஃபுளோட் சுவிட்ச், செல்போன் சார்ஜரிலிருந்து வரும் 5 வோல்ட். ரிலே நேராக மோட்டாரைத் தொடாது. 1 குதிரைத்திறன் மோட்டார் புறப்படும்போது ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சிறு ரிலேயின் முனைகள் அதில் ஒட்டிக்கொண்டால் தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் நிற்காது. ஆகவே ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கென்றே உள்ள பெரிய ரிலே) சுருளை மட்டும் இயக்கும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்.

கீகேட் 1992-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ழான்-பியேர் ஷரா என்ற ஆசிரியர் தொடங்கியது. 2013 முதல் செர்ன் ஆய்வகம் கைகொடுத்ததில் பெரும் பாய்ச்சல் கண்டது. 9-ஆம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. இலவசம் என்றால் அரைகுறை இலவசம் இல்லை. போர்டு அளவுக்கோ, விற்பனைக்குச் செய்வதற்கோ தடை கிடையாது; 32 செம்பு லேயர் வரை வரையலாம். ஆட்டோடெஸ்க்கின் ஈகிள் என்ற போட்டி மென்பொருளின் இலவசப் பதிப்பு இரண்டு லேயர், 80 சதுர செ.மீ. என்று கட்டிப்போட்டது, அந்த ஈகிளையே 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் அறிவித்துவிட்டது. ஈகிள் கோப்புகளைக் கீகேட் நேராகத் திறக்கும் என்பதால் பழைய வேலைகள் வீணாகாது.

நிறுவும்போது கவனிக்க இரண்டு உண்டு. விண்டோஸ் நிறுவியே 1 ஜிபிக்கு மேல். முப்பரிமாண மாதிரிகள்தான் இடத்தைப் பிடிக்கின்றன, ஆனால் அவற்றை விட்டுவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். உபுண்டு 22.04 தன் களஞ்சியத்திலிருந்து 6-ஆம் பதிப்பையும், 24.04 ஏழாம் பதிப்பையும் தரும். புதிய பதிப்புக்கு கீகேட்டின் சொந்த பிபிஏவை (உபுண்டுவில் சேர்க்கும் தனிக் களஞ்சியம்) சேர்க்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்கவே திறக்காது. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வதாக இருந்தால் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியது பதிப்பு எண்ணைத்தான்.

ஸ்கிமேட்டிக்கும் மின்விதிச் சோதனையும்

ஸ்கிமேட்டிக், அதாவது எது எதோடு சேர்கிறது என்ற இணைப்பு வரைபடம், வரைவது எளிது. ஏ விசை உறுப்பைக் கொண்டுவரும், பி விசை மின்சாரக் குறியைக் கொண்டுவரும், டபிள்யூ விசை வயர் போடும். உறுப்பின் காலான பின்னின் நுனியில் தெரியும் சிறு வட்டம் மறைந்தால்தான் வயர் சேர்ந்தது என்று பொருள். சேர்ந்தது போலத் தெரிந்தும் வட்டம் போகவில்லையா? உறுப்பு கிரிடை விட்டு விலகி நிற்கிறது. ஸ்கிமேட்டிக்கில் கிரிடை 1.27 மி.மீ.யை விட்டு மாற்றாமல் இருந்தாலே இந்தத் தொல்லையில் பாதி வராது.

முதல்முறை மின்விதிச் சோதனையை (ஸ்கிமேட்டிக்கின் இணைப்புகளைக் கீகேட் தானே சரிபார்ப்பது) ஓட்டுபவர் எவரும் முட்டிக்கொள்ளும் பிழை ஒன்று உண்டு. "மின்சாரம் உள்வாங்கும் பின்னுக்கு மின்சாரம் தரும் பின் எதுவும் இல்லை" என்று அது சொல்லும். வயர் சரியாகத்தான் இருக்கும், 5 வோல்ட் கனெக்டரும் அங்கேயே இருக்கும். பிறகு ஏன்? கீகேட் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வகை வைத்திருக்கிறது. கனெக்டரின் பின்கள் செயலற்ற வகை. அதன் வழியாக மின்சாரம் வருகிறதா, சிக்னல் போகிறதா என்று கீகேட்டுக்குத் தெரியாது. ஏஎம்எஸ்1117-இன் உள்ளீட்டுப் பின்னோ மின்சாரம் உள்வாங்கும் வகை. தருபவர் யார் என்று அது தேடுகிறது, கிடைக்கவில்லை. பவர் ஃபிளாக் என்ற குறியை அந்தக் கோட்டில் வைத்து "இங்கே வெளியிலிருந்து மின்சாரம் வருகிறது" என்று சொல்லிவிட்டால் பிழை போய்விடும். கிரவுண்டுக்கும் ஒன்று வைக்க வேண்டும். 3.3 வோல்ட் கோட்டுக்கு வேண்டாம். ரெகுலேட்டரின் வெளியீட்டுப் பின்னே தருபவர் வகை.

இங்கே ஒரு நுணுக்கம். கனெக்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஃபியூஸ் வைத்திருந்தால், ஃபியூஸுக்கு முந்தைய கோடு வேறு, பிந்தைய கோடு வேறு. ஃபிளாக்கை கனெக்டர் பக்கம் வைத்துவிட்டு, பிழை இன்னும் போகவில்லையே என்று குழம்புகிறவர்கள் அதிகம். ரெகுலேட்டரைத் தொடும் கோட்டில் வைக்க வேண்டும். இந்தப் பிழையை "புறக்கணி" என்று தள்ளிவிடக் கூடாது. உண்மையிலேயே ஒரு ஐசிக்கு மின்சாரம் போடாமல் விட்டாலும் இதே பிழைதான் வரும்.

பயன்படுத்தாத பின்களில் க்யூ விசையால் பெருக்கல் குறி போடுங்கள். ஈஎஸ்பி32-இல் இருபதுக்கும் மேற்பட்ட பின்கள் சும்மா கிடக்கும். குறி போடாமல் விட்டால் அத்தனையும் பிழைப்பட்டியலில் ஏறி, உண்மையாக விட்டுப்போன ஒன்றை மறைத்துவிடும்.

இனி இந்தச் சோதனை பிடிக்காதவை. டயோடைத் திருப்பிப் போட்டால் சொல்லாது. பேஸ் ரெசிஸ்டரை மறந்தால் சொல்லாது. ஈஎஸ்பி32-இன் 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும். அதில் ரிலேயை மாட்டினாலும் நடுவே ரெசிஸ்டர் இருப்பதால் வாய் திறக்காது. ஃபுளோட் சுவிட்சுக்கு அதே பின்களைக் கொடுக்கலாம், ஆனால் அவற்றுக்கு உள்ளே புல்அப் (பின்னை மேல்நிலையில் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. வெளியே 10 கிலோ ஓம் போட வேண்டும். 6 முதல் 11 வரை மாட்யூலுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன, தொடவே கூடாது. 12-ஆம் பின் மின்சாரம் வரும் கணத்தில் மேல்நிலையில் இருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் என்று மாட்யூல் எடுத்துக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. இந்தப் பின்னில் புல்அப்போடு ஃபுளோட் சுவிட்சை மாட்டிவிட்டு, "கணினியில் மாட்டினால் நிரல் ஏறுகிறது, தொட்டியில் மாட்டினால் ஓடவில்லை" என்று கேட்பவர்கள் உண்டு. கீகேட் கோட்டின் இணைப்பைச் சரிபார்க்கிறது. சர்க்யூட்டின் அர்த்தத்தை அல்ல. உறுப்பின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத்தாள்) பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளாமல் இந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டாம்.

ரிலேயின் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். 5 வோல்ட் எஸ்ஆர்டி சுருள் 70 ஓம்; ஆக 71 மில்லி ஆம்பியர். பிசி547 என்ற சிறு டிரான்சிஸ்டரின் உச்சவரம்பு 100 மில்லி ஆம்பியர்தான், ஓடும், ஆனால் இழுபறி. 2என்2222 தாராளம். பேஸுக்கு 470 ஓம் வைத்தால் 3.3-இலிருந்து 0.7 கழிந்து 5.5 மில்லி ஆம்பியர் போகும். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்துகொள்ளும். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டால், ஈஎஸ்பி32 கிளம்பும் அந்தச் சில கணங்களில் ரிலே தானாகத் துடிக்காது.

ஃபுட்பிரிண்ட்: பணம் வீணாவது இங்கேதான்

ஃபுட்பிரிண்ட் என்பது ஓர் உறுப்பு போர்டில் உட்காரும் துளைகள், பேடுகளின் (பற்ற வைக்கும் செம்புத் திட்டுகள்) வடிவம். கீகேட்டின் ஃபுட்பிரிண்ட் நூலகம் மிகப் பெரியது, பெரும்பாலும் நம்பகமானது. ஆனால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அது சொல்லாது.

டிஓ-92 (மூன்று கால் கொண்ட சிறு பிளாஸ்டிக் உடல்) டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண "இன்லைன்" ஃபுட்பிரிண்டில் துளைகள் 1.27 மி.மீ. தூரத்தில் இருக்கும், பேடுகளுக்கு நடுவே கால் மி.மீ. கூட இருக்காது. 60 வாட் சால்டரிங் அயர்னும் தடித்த ஈயக் கம்பியும் வைத்திருப்பவர் அதைப் பற்ற வைத்தால் மூன்று காலும் ஒன்றாகிவிடும். பட்டியலில் அதற்குக் கீழேயே "இன்லைன் வைட்" என்று ஒன்று இருக்கிறது, துளைகள் 2.54 மி.மீ. தூரத்தில். காலைச் சற்று விரித்துச் செருகினால் போதும். கையால் சால்டர் செய்பவருக்கு எப்போதும் அதுதான்.

அடுத்து கால்களின் வரிசை. 2என்2222 என்று கேட்டால் டிஓ-92 உடலில் இரண்டு வகை கிடைக்கும். பி2என்2222ஏ என்பதில் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222ஏ என்பதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸ் இரண்டிலும் நடுவில் இருப்பதால் மாற்றி மாட்டினாலும் ஏதோ அரைகுறையாக வேலை செய்யும். ரிலே முழுதாக இழுக்காது, காரணமும் புரியாது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ எங்கே வாங்கினாலும், வாங்கிய உருப்படியை மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை அளக்கும் எச்எஃப்இ குழியில் வைத்துப் பாருங்கள். சரியான திசையில் நூறு, இருநூறு என்று காட்டும். திருப்பி வைத்தால் ஓரிலக்கத்துக்கு இறங்கிவிடும். போர்டு வந்த பிறகு தெரிந்தாலும் கவலை வேண்டாம், டிரான்சிஸ்டரை முகம் திருப்பிப் பற்ற வைத்தால் சரியாகிவிடும்.

ஏஎம்எஸ்1117-இல் வேறு விதமான சிக்கல். 7805 என்ற பழைய 5 வோல்ட் ரெகுலேட்டரில் பழகிய கை, முதுகுத் தகடு கிரவுண்டு என்றே நினைக்கும். ஏஎம்எஸ்1117-இல் அது வெளியீட்டோடு சேர்ந்தது, அதாவது 3.3 வோல்ட். கீகேட்டின் சொந்தக் குறியீட்டை எடுத்தால் தகடு 2-ஆம் பின்னோடு எண்ணிடப்பட்ட எஸ்ஓடி-223 (இந்த ரெகுலேட்டரின் உடல் வகை) ஃபுட்பிரிண்ட் தானாகவே ஒட்டிவரும். இந்த இடத்தில் மென்பொருள் உங்களைக் காப்பாற்றிவிடுகிறது. தகடுக்கு 4 என்று எண் போட்ட பொதுவான எஸ்ஓடி-223-ஐ நீங்களே மாற்றி வைத்தால், தகடு எந்தக் கோட்டோடும் சேராமல் தனித்து நிற்கும். சர்க்யூட் ஓடும், ஆனால் சூடு இறங்க வழி இருக்காது.

சூட்டைப் பற்றிக் கீகேட் ஒரு வார்த்தையும் சொல்லாது என்பதால் கணக்கை நீங்களே போட வேண்டும். 5 வோல்ட் கொடுத்து 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் 1.7 வோல்ட் பெருக்கல் 0.25, அதாவது 0.43 வாட். பரவாயில்லை. வீட்டில் 12 வோல்ட் அடாப்டர் சும்மா கிடக்கிறதே என்று அதைக் கொடுத்தால் 8.7 பெருக்கல் 0.25, ஏறக்குறைய 2.2 வாட். குறைந்த செம்போடு எஸ்ஓடி-223 ஒரு வாட்டுக்குச் சுமார் 90 டிகிரி ஏறும். இருநூறு டிகிரியை நெருங்கும் கணக்கு. அதற்கு முன்பே ஐசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 12 வோல்ட் தான் வேண்டுமென்றால் முன்னால் ஒரு பக் கன்வெர்ட்டர் மாட்யூல் வைத்து 5-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் வெளியீட்டில் 22 மைக்ரோ ஃபாரட் டான்டலம் என்று டேட்டாஷீட் கேட்கிறது. அதைச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

சிறிய ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களுக்கு 0805, அதிலும் "ஹேண்ட் சால்டர்" என்று பெயரில் இருப்பதை எடுங்கள். பெயரில் இரண்டு எண்கள் வரும்: 0805 என்பது அங்குலக் கணக்கு, பக்கத்தில் 2012 என்பது மெட்ரிக் கணக்கு. 0603 என்று தேடும்போது மெட்ரிக் 0603-ஐ எடுத்துவிட்டால், அது அங்குலக் கணக்கில் 0201. மணல் துகள் அளவு, கையால் முடியாது.

எல்லா ஃபுட்பிரிண்டையும் வைத்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். போர்டை 1:1 அளவில் தாளில் அச்செடுத்து, வாங்கிய உறுப்புகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அச்சுப்பொறி "தாளுக்குப் பொருத்து" என்று இரண்டு மூன்று சதவீதம் சுருக்கிவிடும்; ஆகவே ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து ஸ்கேலால் அளந்து பிறகு நம்புங்கள். ஸ்குரூ டெர்மினல் 5.00-ஆ 5.08-ஆ, எலக்ட்ரோலிட்டிக்கின் கால் தூரம் 2-ஆ 2.5-ஆ என்பதெல்லாம் இதில் உடனே தெரிந்துவிடும். ஆல்ட்டும் 3-உம் சேர்த்து அழுத்தினால் வரும் முப்பரிமாணத் தோற்றத்தில் கனெக்டரின் வாய் போர்டுக்கு வெளியே பார்க்கிறதா, உள்ளே பார்க்கிறதா என்று தெரியும்.

230 வோல்ட் பக்கம்

கீகேட் இங்கே மிக நன்றாக உதவுகிறது, சொல்லிக்கொடுத்தால் மட்டும். சும்மா விட்டால் எல்லாக் கோடுகளுக்கும் 0.2 மி.மீ. இடைவெளி போதும் என்று எடுத்துக்கொள்ளும். ரிலே முனைக்கும் ஈஎஸ்பி32 கிரவுண்டுக்கும் அதே 0.2 தான். ஆகவே முதல் வேலை, போர்டு அமைப்பில் 230 வோல்ட் கோடுகளுக்கு மெயின்ஸ் என்று ஒரு நெட் வகுப்பு (ஒரே விதி பொருந்தும் கோடுகளின் குழு) உருவாக்கி, ரிலே முனைகளையும் அவை போகும் டெர்மினலையும் அதில் போடுவது. அடுத்து, தனிவிதிகள் பக்கத்தில் ஒரு விதி: ஒரு பக்கம் மெயின்ஸ், மறுபக்கம் மெயின்ஸ் அல்லாதது என்றால் இடைவெளி குறைந்தது 6 மி.மீ. இரண்டு வரியில் எழுதிவிடலாம்.

விதியைப் போட்டு வடிவமைப்பு விதிச் சோதனையை (போர்டின் இடைவெளிகளையும் இணைப்புகளையும் கீகேட் சரிபார்ப்பது) ஓட்டியதும் ரிலேயின் மேலேயே பிழை விழும். எஸ்ஆர்டி ரிலேயில் காமன் முனை இருப்பது சுருளின் இரண்டு கால்களுக்கு நடுவில். மையத்துக்கு மையம் 6.3 மி.மீ.; பேடுகளின் அகலத்தைக் கழித்தால் விளிம்புக்கு விளிம்பு சுமார் 3.5 மி.மீ. தான் மிச்சம். அந்தக் காமன் முனையில் ஃபேஸ் வந்தால், உங்கள் 5 வோல்ட் கோட்டிலிருந்து 3.5 மி.மீ. தூரத்தில் 230 வோல்ட் நிற்கிறது. இது ரிலேயின் அமைப்பு, வரைபவரின் தவறு அல்ல. பலர் இந்தப் பிழையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போக வேண்டாம்.

செய்யக்கூடியவை இரண்டு. காமன் பேடுக்கும் சுருள் பேடுகளுக்கும் நடுவே, போர்டின் விளிம்பை வரையும் எட்ஜ் கட்ஸ் லேயரில் 1 மி.மீ. அகலத்தில் ஒரு வெட்டு வரையலாம். தூசியும் ஈரமும் படிந்த பலகையின் மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்துவரும் பாதை அதனால் நீளும்; காற்றுவழி இடைவெளி மட்டும் அதே 3.5 தான். வெட்டின் குறைந்தபட்ச அகலம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி ரிலேயையே மாற்றுவது. ஃபைண்டர் 40 வரிசையைப் போன்ற ரிலேக்களில் சுருள் ஒரு கோடியில், முனைகள் மறுகோடியில், நடுவே 8 மி.மீ. விலை கூடுதல்தான். மழைக்காலத்தில் மொட்டைமாடி ஓரமாகவோ, கழிவறைச் சுவரிலோ மாட்டப்போகும் கருவிக்கு அந்தக் கூடுதல் தகும்.

கிரவுண்டு செம்பு மெயின்ஸ் பகுதிக்குள் நுழையாமல் ஒரு தடைப்பகுதி வரைந்துவிடுங்கள், இரண்டு லேயரிலும். கான்டாக்டர் சுருள் தூண்டல் சுமை. முனைகளுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராக வைத்தால் பொறி அடங்கும். மெயின்ஸில் மாட்டத் தகுந்தது என்று காட்டும் எக்ஸ்2 குறி உடலில் அச்சிட்டிருப்பதுதான் வேண்டும், சாதாரண மஞ்சள் கெப்பாசிட்டர் அல்ல.

டிராக், கிரவுண்டு, வடிவமைப்பு விதிச் சோதனை

கீகேட்டோடு வரும் கணிப்பான் தனியாகப் பாராட்டத் தக்கது. பிசிபி தரநிலையான ஐபிசி-2221-இன் சூத்திரத்தின்படி, 1 அவுன்ஸ் செம்பில் (சாதாரண போர்டுகளின் செம்புத் தடிமன்) வெளி லேயரில் 10 டிகிரி சூடேற்றத்துக்கு 1 ஆம்பியருக்கு 0.3 மி.மீ., 5 ஆம்பியருக்கு 2.8 மி.மீ., 10 ஆம்பியருக்கு 7 மி.மீ.க்கு மேல் வேண்டும். இயல்பாக வரும் 0.2 மி.மீ. டிராக் முக்கால் ஆம்பியர் தாங்கும். சிக்னலுக்கு அதையே வைத்துக்கொண்டு, 5 வோல்ட், 3.3 வோல்ட் கோடுகளை 1 மி.மீ. ஆக்குங்கள். கான்டாக்டர் சுருள் மிகக் குறைவாகவே இழுக்கும்; மெயின்ஸ் டிராக்குக்கு 2 மி.மீ. தாராளம்.

தானாக டிராக் போடும் வசதி கீகேட்டுக்குள் கிடையாது. ஃப்ரீரூட்டிங் என்ற தனி நிரலுக்குக் கோப்பை அனுப்பித் திரும்பப் பெறலாம். இந்த அளவு போர்டுக்கு அது வேண்டாம். எக்ஸ் விசையை அழுத்திக் கையால் இழுப்பதே வேகம். குறுக்கே இருக்கும் டிராக்குகளைத் தானே தள்ளிக்கொண்டு வழி பண்ணும் ரூட்டர் செர்ன் தந்த கொடை, கையில் பழகிவிட்டால் வேறொன்றுக்கு மாற மனம் வராது.

போர்டின் பின்பக்க லேயர் முழுவதும் கிரவுண்டு செம்பை நிரப்பிவிடுங்கள். ஈஎஸ்பி32 ஃபுட்பிரிண்டில் ஆன்டெனாவுக்கு அடியில் தடைப்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே டிராக் போனால் சோதனை பிடித்துவிடும். ஆன்டெனா நுனி போர்டின் விளிம்பில், முடிந்தால் விளிம்புக்கு வெளியே நீட்டியபடி நிற்கட்டும். 3.3 வோல்ட் பின்னிலிருந்து இரண்டு மூன்று மி.மீ.க்குள் 100 நானோ ஃபாரட், அருகிலேயே 10 மைக்ரோ ஃபாரட். வைஃபை எழும் கணத்தில் மாட்யூல் அரை ஆம்பியர் வரை கேட்கும். கெப்பாசிட்டர் தூரத்தில் இருந்தாலோ, யூஎஸ்பி வயர் மெலிந்திருந்தாலோ, "பிரவுன்அவுட்" (மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது) என்று சீரியல் திரையில் எழுதிவிட்டு மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும். நிரலில் அந்தக் காவலை அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். அது நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைப்பது.

வடிவமைப்பு விதிச் சோதனை கொட்டும் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். பட்டு அச்செழுத்து (போர்டின் மேல் அச்சாகும் எழுத்துகள்) சால்டர் மாஸ்க்கில் (செம்பை மூடும் பூச்சு) வெட்டுப்படுகிறது என்பது எச்சரிக்கை மட்டும், அழகு கெடும், அவ்வளவுதான். இணைக்கப்படாத கோடு, இடைவெளி மீறல், மூடாத போர்டு விளிம்பு மூன்றும் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. உறுப்புகளின் எல்லைகள் மோதுகின்றன என்று வந்தால் முப்பரிமாணத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். டிராக்கை நகர்த்தியதும் பி விசையால் செம்பை மறுபடி நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் திரையில் தெரிவது பழைய நிரப்பு.

அச்சுக்கு அனுப்பும்போது ஜெர்பர் கோப்புகள் (தயாரிப்பாளருக்கான லேயர் படங்கள்) ஒரு பொத்தான், துளைக் கோப்பு வேறொரு பொத்தான். இரண்டாவதை அழுத்த மறப்பது அடிக்கடி நடக்கும். கோப்புகளை, கீகேட்டோடு வரும் ஜெர்ப்வியூவில் திறந்து துளைகள் பேடுகளின் நடுவில் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே சுருக்கி அனுப்புங்கள். 9-ஆம் பதிப்பில் இந்த வேலைகளையெல்லாம் ஒரே தொகுப்பாகக் கட்டி ஒரே அழுத்தில் ஓட்டும் வசதி வந்துவிட்டது. ஒருமுறை அமைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

போர்டு வந்த பிறகு

இன்டராக்டிவ் எச்டிஎம்எல் பாம் (உறுப்புப் பட்டியல்) என்ற செருகுநிரலைக் கீகேட்டின் உள்ளிருந்தே நிறுவிக்கொள்ளுங்கள். ஒரே கோப்பு, இணையம் இல்லாமலும் செல்போனிலும் திறக்கும். ரெசிஸ்டர் பெயரைத் தொட்டால் போர்டில் அதன் இடம் ஒளிரும்; பற்ற வைத்ததைக் குறித்துக்கொண்டே போகலாம். பழுது பார்க்கும்போது இதைப் போல உதவுவது வேறில்லை.

முதலில் ரெகுலேட்டரையும் அதன் கெப்பாசிட்டர்களையும் மட்டும் பற்ற வையுங்கள். 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று பார்த்து, 5 வோல்ட் கொடுத்து, வெளியீடு 3.3 என்று கண்ட பிறகு ஈஎஸ்பி32. அது ஓடிய பிறகு டிரான்சிஸ்டரும் ரிலேயும். 230 வோல்ட் கடைசியில், போர்டு பெட்டிக்குள் போன பிறகு. இந்த வரிசையில் போனால் எது கெட்டாலும் கடைசியாக வைத்ததைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

அப்படியும் ஓடவில்லை, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும் என்றால், போர்டின் புகைப்படம் மட்டும் போதாது. ஸ்கிமேட்டிக்கை பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளுங்கள். முன் லேயர், பின் லேயர் தனித்தனிப் படமாக. டிரான்சிஸ்டர் உடலில் அச்சிட்டிருக்கும் முழு எழுத்துகள், முன்னெழுத்து உட்பட. பிறகு அளவுகள்: ரிலே இழுக்க வேண்டிய நேரத்தில் பேஸில் எத்தனை வோல்ட், கலெக்டரில் எத்தனை, ரெகுலேட்டரின் உள்ளீட்டில் எத்தனை, வெளியீட்டில் எத்தனை. பேஸில் 0.7 இருந்து கலெக்டர் 0.2-க்கு இறங்கவில்லை என்றால் கால் மாறியிருக்கிறது. பேஸில் ஒன்றுமே வரவில்லை என்றால் தவறு நிரலில் அல்லது பின் தேர்வில். இந்த எண்களோடு போனால், அவர் போர்டைக் கையில் எடுக்காமலேயே பதில் சொல்லிவிடுவார். கோப்பையே அனுப்புவதாக இருந்தால் அவரிடம் இருப்பது 7-ஆம் பதிப்பா 9-ஆம் பதிப்பா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.